ஆங்கிலத்துலயும் இல்ல, ஸ்பானிஷ்லயும் இல்ல: ‘ஹபன்யேரோ’ எங்கிருந்து வந்துச்சு?

[திரை: பழுத்த ஆரஞ்சு நிற மிளகாய், குளோஸ்-அப்]

இந்த மிளகாய் பேரு ஹபனேரோ. ஆனா அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் நிறைய பேர் வாயில இது ‘ஹபன்யேரோ’. நடுவுல ஒரு ‘ன்ய’ சேர்த்து, ஸ்பானிஷ் தெரிஞ்ச தோரணையில சொல்வாங்க. ஸ்பானிஷ்ல அந்த இடத்துல வெறும் ‘ன’தான். ஆங்கில எழுத்துக்கூட்டல்லயும் வெறும் ‘ன’தான். ரெண்டு மொழியிலயும் இல்லாத ஒலி எப்படி உள்ள புகுந்துச்சு?

பழி இன்னொரு மிளகாய் மேல. மெக்ஸிகோவோட வெராக்ரூஸ் மாநிலத்துல ஹலாப்பான்னு ஒரு ஊர். அந்த ஊர் மிளகாய் ஹலப்பேஞோ. அதுல ‘என்’ எழுத்துக்கு மேல ஒரு சின்ன அலைக்கோடு இருக்கும், அது நம்ம ‘ஞ’. ஹபனேரோன்னா ஹவானாவைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். அதுல அலைக்கோடு கிடையாது. மெக்ஸிகோ மிளகாய்னாலே ‘ஞ’ வரணும்னு ஒரு கணக்கு மனசுல விழுந்துடுச்சு, அதை இங்கயும் போட்டுட்டாங்க. உள்ள பூரணம் வைச்சு மடிச்சுச் செய்ற எம்பனாதாவும் இதே கணக்குல ‘எம்பன்யாடா’ ஆயிடுச்சு. மொழியியல்ல இதுக்குப் பேரு ஹைப்பர்ஃபாரினிசம். சரிக்கு மேல சரி பண்ணப் போய்த் தப்பாகுறது.

[திரை: வெள்ளை நிற சூப், கிண்ணத்துல]

பிரெஞ்சு பேர்கள்ல இது இன்னும் அதிகம். விஷிஸ்வாஸ்னு ஒரு சூப். உருளைக்கிழங்கும் லீக்கும் வேகவைச்சு, அரைச்சு, க்ரீம் சேர்த்து, ஜில்லுனு குடிக்கிறது. நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்ல சமையல் தலைவரா இருந்த லூயி தியாத் 1917 வாக்குல உருவாக்கினதுன்னு சொல்வாங்க. ஆங்கிலக்காரங்க பலர் இதை ‘விஷிஸ்வா’னு முடிச்சுடுவாங்க. பிரெஞ்சுல கடைசி மெய்யைச் சொல்லக்கூடாதுன்னு படிச்சிருக்காங்க. அந்தப் பாடத்துல பாதிதான் ஞாபகம் இருக்கு. மெய்க்குப் பின்னாடி ஒரு ‘இ’ எழுத்து, அதாவது ஆங்கில அஞ்சாம் எழுத்து வந்தா, அந்த மெய்யைச் சொல்லியே ஆகணும். அதனால விஷிஸ்வாஸ், தொண்டை அதிர வர்ற ‘ஸ்’. சாலட்ல வர்ற நிஸ்வாஸும் அப்படியே.

சோரிசோ தொத்திறைச்சியை ‘சோரிட்ஸோ’ன்னு சொல்றாங்களே, அது பீட்ஸாவோட தாக்கம். லத்தீன் அமெரிக்காவுல அந்த எழுத்து ‘ஸ’. ஸ்பெயின்ல பெரும்பாலும் நாக்கு நுனி பல்லுக்கு நடுவுல வந்து காத்து விடுற ஒலி. ‘ட்ஸ’ ரெண்டு பக்கமும் இல்ல.

இப்போ என் கருத்தைச் சொல்லிடறேன். ஒரு மொழிக்காரங்க கடன் வாங்கின சொல்லைத் தங்க வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறது தப்பே இல்ல. அமெரிக்கர் க்ருவஸான்ட்னு ‘ட்’ போட்டுச் சொல்றாங்க, சொல்லட்டும், அது அவங்க சொல் ஆயிடுச்சு. ‘ஹபன்யேரோ’ அப்படி இல்ல. அவங்க வாய்க்கு ‘ஹபனேரோ’ சொல்றதுதான் சுலபம். கஷ்டப்பட்டுத் தப்பா சொல்றாங்க. அதைத்தான் திருத்தணும்னு சொல்றேன்.

[திரை: ஒரு தட்டு பென்னே பாஸ்தா]

இனி இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இத்தாலிய மெய் இரட்டிப்பு.

பலி, பல்லி. நமக்கு இது ரெண்டு சொல். மூணு வயசுக் குழந்தைகூடக் கலக்காது. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவங்க காதுக்கு இந்த வித்தியாசம் சட்டுனு பிடிபடாது. ஒரே சொல்லுக்குள்ள மெய்யை அழுத்திப் பிடிச்சுப் பொருள் மாத்துற வழக்கம் ஆங்கிலத்துல கிடையாது. எழுத்துல ரெண்டு ‘எல்’ போட்டாலும் வாயில ஒண்ணுதான்.

இத்தாலியன்ல ‘பென்னே’ன்னா இறகுப் பேனாக்கள். பாஸ்தாவோட முனை அப்படிச் சாய்வா வெட்டியிருக்கும், அதனால அந்தப் பேரு. அதே சொல்லை ‘ன்ன’ இல்லாம ‘பேனே’ன்னு சொன்னா ஆண்குறி. ஆங்கிலப் பயணிகள் ரோம்ல போய் ஒரு தட்டு கேக்குறது பல நேரம் ரெண்டாவதுதான். நல்லா கவனிங்க: இரட்டை மெய்க்கு முன்னாடி உயிர் குறில், ஒற்றை மெய்க்கு முன்னாடி, அழுத்தம் விழுற இடத்துல, உயிர் நெடில். பென்னே, பேனே. நம்ம எழுத்துல அப்படியே எழுத முடியுது! ஆங்கில எழுத்துல இந்தக் குறில் நெடில் தெரியவே தெரியாது.

இதே மாதிரி இன்னொரு ஜோடி. கப்பெல்லெத்தி, குட்டித் தொப்பி வடிவப் பாஸ்தா. கபெல்லீனி, முடி மாதிரி மெல்லிசான பாஸ்தா. முதல்ல வர்ற ‘ப்ப’ அழுத்தினா தொப்பி, அழுத்தலைன்னா முடி. (ரெண்டாவதை ‘b’ ஒலியா மாத்திடாதீங்க, ‘ப’தான், பிடிச்சு நிறுத்தாம.) ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே ‘ப’.

அடுத்து ஞொக்கி. உருளைக்கிழங்கு மசியலும் மாவும் பிசைஞ்சு செய்ற சின்ன உருண்டைகள். ‘நாக்கி’, ‘நியோக்கி’, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்க ‘க்னோச்சி’. சரியா சொல்ல:

நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி வைங்க. நாக்கோட நடுப்பகுதி மேலண்ணத்துல ஒட்டணும். ஞாயிறுன்னு சொல்லிப் பாருங்க, அதே இடம். அடுத்து குறில் ‘ஒ’. அதுக்கப்புறம் ‘க்’ல ஒரு கணம் நின்னு, பிறகு ‘கி’யை விடுங்க. ஞொக்… கி. உங்க ஆங்கில நண்பருக்குச் சொல்லித்தரணும்னா ‘புக் கேஸ்’னு சொல்லச் சொல்லுங்க. ரெண்டு சொல் சேர்ற இடத்துல அவங்களுக்கும் ‘க்க’ வரும். அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டா ஞொக்கி வந்துடும்.

இங்க நிறுத்திட்டு ஒரு தடவை சத்தமா சொல்லுங்க. கமெண்ட்ல வந்துச்சா இல்லையான்னு எழுதுங்க.

[திரை: தக்காளி வைச்ச சுட்ட ரொட்டி]

புருஸ்கெத்தா. ‘புருஷெட்டா’ இல்ல. இத்தாலியன்ல ‘சி’ எழுத்துக்குப் பின்னாடி ‘இ’, ‘எ’ உயிர் வந்தா ‘ச்ச’ ஒலி. நடுவுல ‘எச்’ போட்டா கண்டிப்பா ‘க’. ஆங்கிலத்துல ‘எச்’ செய்ற வேலைக்கு நேர் தலைகீழ். செர்ரி டப்பாவுல இருக்குற மராஸ்கீனோவும் அதே விதி. அதை ‘மராஷீனோ’ன்னு சொல்றது எவ்வளவு பரவிடுச்சுன்னா, ஆங்கில அகராதிகளே ரெண்டையும் போடுறாங்க.

ஜப்பான் மதுவோட பேரு ஏன் ‘சாக்கி’ ஆச்சு? ஆங்கிலச் சொல் குறில் ‘எ’ல முடியாது. ஒண்ணு ‘ஈ’ ஆகும், இல்லைன்னா ‘ஏய்’ ஆகும். ஸகெ ‘சாக்கி’, லத்தெ ‘லாட்டேய்’. அவ்வளவுதான்.

வியட்நாம் நூடுல்ஸ் சூப்பை ‘ஃபோ’ன்னு சொல்லாதீங்க. ‘ஓ’ சொல்ற இடத்துல நாக்கை வைச்சுக்கிட்டு உதட்டை மட்டும் குவிக்காம விடுங்க, ஹனோய்ல கேக்குற உயிர் அதுதான். கூடவே குரல் கீழ இறங்கி ஏறணும்.

இன்னொரு சோதனை. உள்ளங்கையை உதட்டுக்கு முன்னாடி வைச்சு ‘பத்து’ன்னு சொல்லுங்க. காத்து அடிக்காது. ஆங்கிலேயர் ‘பென்’, ‘டென்’னு சொன்னா காத்து அடிக்கும், சொல் முதல்ல வர்ற ப, ட, க மூணுக்கும். ஸ்பானிஷ், இத்தாலியன் நம்ம கட்சி, காத்து கிடையாது. ‘த’வும் நம்ம மாதிரி பல்லுலதான். மெக்ஸிகோவுல அது தாக்கோ, தோர்தீயா. நாம மெனு கார்டுல ‘டாக்கோ’, ‘டோர்டில்லா’ன்னு எழுதுறோம். நமக்கு வரக்கூடிய ஒலியை விட்டுட்டு, ஆங்கிலத்துல எழுதினதைப் பார்த்து எழுதுறோம். எனக்கு இது நிஜமாவே வருத்தம். தாக்கோன்னே எழுதலாமே.

[திரை: பழைய பீங்கான் சூப் கிண்ணம்]

கடைசியா நம்ம வீட்டுச் சொல் ஒண்ணு. மிளகுத்தண்ணி. சென்னைப் பக்கம் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க 18ஆம் நூற்றாண்டுல இதைக் குடிச்சுப் பழகி, கறி, ஆப்பிள் எல்லாம் சேர்த்து ஊருக்குக் கொண்டு போனாங்க. அங்க அதோட பேரு ‘மலிகட்டோனி’. மேல பார்த்ததுல பலதும் இந்த ஒரே சொல்லுல நடந்திருக்கு. ‘த்த’ ஒற்றையாச்சு, பல்லை விட்டு மேலண்ணத்துப் பக்கம் போச்சு. ‘ண்ண’ ஒற்றை ‘ன’ ஆச்சு. ‘ள’ அவங்ககிட்ட இல்ல, ‘ல’ வந்துச்சு. ‘டோ’ மேல முழு வலுவும் விழுந்ததால ‘கு’ மங்கிப்போய் ‘க’ ஆச்சு. முதல் உயிருக்கு அவங்க எழுதுற ‘u’ மட்டும் நம்ம பேச்சு வழக்குக்கு நெருக்கம்: நாமளும் ‘மொளகு’ன்னுதானே சொல்றோம்.

அடுத்த வீடியோவுக்கு ஒரு வேலை தரேன். தோசை ஆங்கிலத்துல ‘டோஸா’ ஆகுறப்போ என்னென்ன ஒலி மாறுது? கமெண்ட்ல எழுதுங்க, உள்ளங்கைச் சோதனையையும் பண்ணிட்டு எழுதுங்க.