செத்துப்போன ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கு உயிர் கொடுத்த ஜானிபெகோவ்

வணக்கம் மக்களே! ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல்ல விண்வெளிக்குப் போனது நமக்கெல்லாம் தெரியும். அவர் போய் இருந்த சோவியத் ஸ்பேஸ் ஸ்டேஷன் பேரு சல்யூட் 7. அடுத்த வருஷம் பிப்ரவரியில அதுகிட்ட இருந்து சிக்னலே வரல. நல்லவேளை, அப்போ உள்ள ஆள் யாரும் கிடையாது. அதைச் சரிபண்ண அனுப்பின ஆள்தான் இன்னைக்கு நம்ம ஹீரோ, விளாதிமிர் ஜானிபெகோவ்.

1942-ல உஸ்பெகிஸ்தான்ல பிறந்தவர். விமானப்படையில பைலட், அதுவும் மத்தவங்களுக்குப் பறக்கக் கத்துக்கொடுக்கிற பைலட். 1970-ல காஸ்மோனாட்டா, அதாவது சோவியத் விண்வெளி வீரரா செலக்ட் ஆகுறார். ஆனா மேல போனது 1978 ஜனவரியிலதான்! நடுவுல, அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து பண்ணின 1975 அப்போலோ-சோயுஸ் திட்டத்துல மாற்று வீரரா பயிற்சி எடுத்தார், பறக்கிற சான்ஸ் வரல. பயிற்சின்னாலே எல்லாரும் அந்தச் சுத்திச் சுத்தி விடுற சென்ட்ரிஃப்யூஜைத்தான் காட்டுவாங்க. என்னைக் கேட்டா, சிமுலேட்டர்ல உக்காந்து டாக்கிங்கை, அதாவது கப்பலை ஸ்டேஷனோட ஒட்டுறதைத் திரும்பத் திரும்பப் பழகுறாங்க பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு.

ஏன்னா 1982-ல சல்யூட் 7 பக்கத்துல போகும்போது ஆட்டோமேட்டிக் சிஸ்டம் மக்கர் பண்ணிடுச்சு. இவர் கையாலயே ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டார். அதான் 1985-ல இவரைக் கூப்பிட்டாங்க. அதுவரைக்கும் நாலு தடவை விண்வெளிக்குப் போயிருக்கார், எல்லாமே ரெண்டு வாரத்துக்குள்ள முடிஞ்ச பயணம்.

ஜூன் 6, 1985. கூட விக்டர் சவினிக். ஸ்டேஷன்ல கரண்டே இல்லாததால, தூரத்தையும் வேகத்தையும் சொல்ற ரேடியோ சிக்னலும் கிடையாது. கப்பலைத் திருப்பி, பக்கவாட்டு ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே, கையில பிடிக்கிற லேசர் கருவியால தூரம் அளந்து போறாங்க. கிட்டப் போனா, ஒண்ணா சூரியனைப் பாத்து நிக்க வேண்டிய சோலார் பேனல் ஒண்ணுக்கொண்ணு கோணலா நிக்குது. பவர் போச்சுன்னு அங்கயே புரிஞ்சிடுச்சு.

ஒட்டிட்டாங்க. உள்ள போனா சுவர்ல பனி, தண்ணியெல்லாம் உறைஞ்சு கிடக்கு. கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு வேலை. இதுல இன்னொரு ஆபத்து, ஃபேன் ஓடல. எடையில்லாத இடத்துல நாம விடுற மூச்சு அங்கயே முகத்தைச் சுத்தி நிக்கும், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துக்கிட்டே போகும். அதனால ஒருத்தர் வேலை பாக்க, இன்னொருத்தர் அவரைக் கவனிச்சுக்கணும்.

வயர் இன்சுலேஷனைச் சீவி, வெறும் கையால முறுக்கி, பேட்டரியை நேரா சோலார் பேனலோட இணைச்சாங்க. அப்புறம் அவங்க வந்த சோயுஸ் கப்பலோட இன்ஜினால மொத்த ஸ்டேஷனையும் சூரியன் பக்கம் திருப்பினாங்க. சார்ஜ் ஏறிச்சு! பேட்டரி எப்படிச் செத்ததுன்னு பாத்தா, ஒரு சென்சார் 'ஃபுல் சார்ஜ்'னு பொய் சொல்லி, பேனல்ல இருந்து வர்ற கரண்டைக் கட் பண்ணிக்கிட்டே இருந்திருக்கு. அட கருமமே!

ஜானிபெகோவ் செப்டம்பர்லதான் கீழ வந்தார். அதே பயணத்துல ஒரு நாள், காது வச்ச நட்டு ஒண்ணைக் கழட்டினதும் அது சுத்திக்கிட்டே மிதந்து போச்சு. போற வழியில திடீர்னு தலைகீழா புரளுது, மறுபடி நேராகுது, மறுபடி புரளுது! இன்னைக்கும் அதுக்கு ஜானிபெகோவ் விளைவுன்னுதான் பேரு. அதை இங்கயே காட்டுறேன், இதோ என் டேபிள் டென்னிஸ் பேட். தட்டை முகம் மேல பாக்கப் பிடிச்சு, கைப்பிடி ஒரு முழுச் சுத்து சுத்துற மாதிரி தூக்கிப் போடுறேன்... பாத்தீங்களா, சிவப்புப் பக்கம் கருப்பாயிடுச்சு. நீங்களும் போட்டுப் பாருங்க, டியூப்லைட்டுக்குக் கீழ மட்டும் வேணாம்.