இத்தாலிய செடான்: நம்பி வாங்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு இத்தாலிய செடான்கள் மேல் உயிர். ஆனால் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "அது ரோட்டில் நிற்பதைவிட மெக்கானிக்கிடம் நிற்பதுதான் அதிகம்" என்று நாலு பேர் தடுக்க வந்துவிடுவார்கள்.

அந்தப் பேச்சு சும்மா வரவில்லை. லான்சியா என்ற இத்தாலிய நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த பீட்டா காரை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைத் தாங்கும் சட்டம் பாடியோடு சேருகிற இடத்தையே துரு அரித்துவிட்டது. பிரிட்டனில் விற்ற அந்தக் கார்கள் பலவற்றை 1980 வாக்கில் நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று, அப்புறம் அந்த நாட்டில் லான்சியா பழைய நிலைக்கு வரவே இல்லை, 1994-இல் விற்பனையை நிறுத்திவிட்டது. அதே எழுபதுகளில் வந்த ஆல்ஃபா ரோமியோவின் ஆல்ஃபாசுட் காருக்கும் துருதான் எமன்.

சரி, அது எழுபதுகளின் கதை. 1998-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கிய ஆல்ஃபா ரோமியோ 156-க்கும் ஏன் அதே பெயர்? அதன் ட்வின் ஸ்பார்க் எஞ்சினில், வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை 1,20,000 கிலோமீட்டரில் மாற்றினால் போதும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். பிறகு அதைப் பாதியாக்கி, 60,000 என்றார்கள். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், எஞ்சின் அவ்வளவுதான். பழைய கணக்கை நம்பி ஓட்டியவர் கார் நடுவழியில் நின்றது. புதிய கணக்குப்படி மாற்றியவர் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று ஆயில். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. நண்பர் ஒருவர் ஒரு பழைய இத்தாலிய செடான் வாங்கி ஆறு மாதம் ஆசையாக ஓட்டினார். ஒருநாள் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவினேன், துடைத்தேன், மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். "சிவப்பு விளக்கு எரியவே இல்லையே!" என்றார். பல கார்களில் அந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது, அழுத்தம் விழுந்துவிட்டது என்றுதான் சொல்லும், அது எரியும்போது காரியம் கைமீறியிருக்கும். அன்றைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஊற்றினோம். அதிலிருந்து இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப் ஸ்டிக்கைப் பார்க்கிறார், கார் நன்றாக ஓடுகிறது. ட்வின் ஸ்பார்க் எஞ்சின்களும் கொஞ்சம் ஆயில் குடிக்கிறவைதான். அதனால் திரும்பவும் சொல்கிறேன், விளக்கை நம்பாதீர்கள், டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்.

ஆல்ஃபாவின் புசோ வி6 எஞ்சினைப் பற்றி, அதன் சத்தத்தைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். 2015-இல் அறிமுகமான ஆல்ஃபாவின் புதிய ஜூலியா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தொடக்க காலக் கார்களில் எலக்ட்ரானிக்ஸ் தொல்லை இருந்தது உண்மை. ஆனால் பாட்டரி சோர்ந்தாலே அதில் எச்சரிக்கைகள் வரிசையாக வரும், ஆகவே பழையது வாங்கப் போகிறவர்கள் முதலில் பாட்டரியைச் சோதியுங்கள், அப்புறம் சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் போட்டாயிற்றா என்று கேளுங்கள். வணக்கம்.