நண்பகலுக்குள் வெறுமையாகும் பாத்திரம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

பௌத்தத் துறவியின் பிச்சைப் பாத்திரம் என்றதும் தமிழர்களாகிய நம் நினைவுக்கு முதலில் வருவது அமுதசுரபி. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையின் கைக்கு வந்த அந்தப் பாத்திரம் அள்ள அள்ளக் குறையாதது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பாத்திரத்தின் இயல்போ அதற்கு நேர்மாறானது. பிக்கு எனப்படும் பௌத்தத் துறவியின் பாத்திரம் நாள்தோறும் நண்பகலுக்குள் வெறுமையாகிவிட வேண்டும். நேற்றைய சோறு அதில் மிஞ்சியிருக்கக் கூடாது, நாளைக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கவும் கூடாது. இந்த வெறுமை எதற்காக விதிக்கப்பட்டது, அது துறவியையும் இல்லறத்தாரையும் எவ்வாறு கட்டிவைக்கிறது என்பதைத் இலங்கை, தாய்லாந்து, மியான்மர் முதலிய நாடுகளில் வழங்கும் தேரவாதப் பௌத்த மரபை முதன்மையாகக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

தேரவாத மரபில் பிக்கு ஒருவர் காக்க வேண்டிய விதிகள் 227. அவற்றுள் உணவைத் தொடுபவற்றையும் அவற்றோடு சேர்த்து, துறவிகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துச் சொல்லும் விநய நூல்கள் கூறுபவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வியப்பான ஓர் அமைப்பு தெரியவரும். பிக்கு நிலத்தைத் தோண்டக் கூடாது. செடிகொடிகளை வெட்டவோ பறிக்கவோ கூடாது. ஆகவே பயிரிட முடியாது. பொன்னையும் பணத்தையும் ஏற்கக் கூடாது. ஆகவே விலைக்கு வாங்கி உண்ண முடியாது. தானே சமைத்ததை உண்ணக் கூடாது. தண்ணீரையும் பல்குச்சியையும் தவிர, பிறர் கொடுக்காத எதையும் வாயில் இடக் கூடாது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் மாம்பழமானாலும் ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்ணலாம். கொடுத்ததை மறுநாளுக்குச் சேர்த்துவைக்கவும் கூடாது. வயிற்றை நிரப்புவதற்கு உலகத்தார் அறிந்த வழிகள் எல்லாம் இவ்வாறு ஒவ்வொன்றாக அடைபட்ட பிறகு எஞ்சுவது ஒரே வழிதான்: விடிந்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவது.

சேமிக்கக் கூடாது என்ற விதி பிறந்த கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தருக்கு ஆசானாக இருந்த பேலட்டசீசர் என்ற முதியவர் தனிமையில் தங்கித் தவம் செய்தவர். அவர் ஒரு நாள் வாங்கிவந்த வெறுஞ்சோற்றைக் காயவைத்துக்கொண்டு, வேண்டியபோது நீரில் நனைத்து உண்டு, நெடுநாளைக்கு ஒரு முறைதான் ஊருக்குள் வந்தார். சுவைக்காகவோ பேராசையாலோ அவர் அப்படிச் செய்யவில்லை. நம் கண்ணுக்கு அது எளிமையின் உச்சமாகவே தோன்றும். ஆயினும் புத்தர் அதைக் கண்டித்து, சேமித்ததை உண்ணலாகாது என்று விதித்தார். மனிதர்களிடமிருந்து முற்றிலும் அறுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும் துறவியை அவர் விரும்பவில்லை என்பதே இதிலிருந்து நான் பெறும் பொருள். துறவி நாள்தோறும் பிறர் வாசலுக்கு வந்தாக வேண்டும்; இல்லறத்தார் நாள்தோறும் அவரைக் கண்டாக வேண்டும்.

வாசலுக்கு வருபவர் எப்படி வர வேண்டும் என்பதை விநய நூல்கள் மிக நுட்பமாகச் சொல்கின்றன. உடலை ஆடையால் நன்றாகப் போர்த்திக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி, மிக விரைவாகவும் இல்லாமல் மிக மெதுவாகவும் இல்லாமல் அவர் நடக்க வேண்டும். வீட்டின் முன் பேசாமல் நிற்க வேண்டும், கேட்கக் கூடாது. உள்ளே இருப்பவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினாலோ, இருக்கையிலிருந்து எழுந்தாலோ, கரண்டியைத் தொட்டாலோ, கொடுக்க எண்ணுகிறார் என்று அறிந்து காத்திருக்கலாம். அத்தகைய அறிகுறி இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். சோறு இடப்படும்போது பாத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். இடுபவர் ஆணா பெண்ணா என்று முகத்தை நிமிர்ந்து பார்க்கலாகாது. பாத்திரத்தின் விளிம்பு மட்டத்துக்குமேல் ஏற்கக் கூடாது. இந்த விதிகளைப் படிக்கும்போதெல்லாம், கொடுப்பதற்கு இல்லாத ஏழைப் பெண்ணின் மனம் நோகாதவாறு இவை எவ்வளவு கருத்தோடு அமைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணி நெகிழ்கிறேன். அவள் "இல்லை" என்ற சொல்லைச் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. துறவி தாமாகவே நகர்ந்துவிடுகிறார். மலரின் நிறத்துக்கும் மணத்துக்கும் கேடு செய்யாமல் தேனை மட்டும் எடுத்துச் செல்லும் வண்டைப் போல முனிவர் ஊருக்குள் உலவ வேண்டும் என்று தம்மபதம் என்ற பௌத்த அறநூல் கூறுவதும் இந்த நடையைத்தான்.

இன்றைய தாய்லாந்தில் இக்காட்சியை விடியற்காலையில் காணலாம். பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். அந்த வரிசை வயதுப்படி அமைவதன்று. துறவு ஏற்ற காலத்தின்படி அமைவது. எனவே அறுபது வயதில் துறவு பூண்டவர், முன்பே துறவு பூண்ட இளைஞருக்குப் பின்னால்தான் நடப்பார். கொடுப்பவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான சோற்றைக் கரண்டியால் பாத்திரத்தில் இடுகிறார்கள். குழம்பும் கறியும் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டப்பட்டுச் சேர்கின்றன. பாத்திரம் நிறைந்ததும் உடன்வரும் சிறுவன் பொருள்களை வாங்கிக்கொள்கிறான். லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரில், மூங்கில் கூடையிலிருந்து பிசுபிசுப்பான அரிசிச் சோற்றைக் கையால் சிறு உருண்டையாக எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுவார்கள். எங்கும் பிக்கு நன்றி சொல்வதில்லை. வாழ்த்து ஓதுவது உண்டு. ஆனால் அது சோற்றுக்கு ஈடாகத் தரப்படுவது ஆகாது.

ஈடாகத் தரப்படுவது ஆகாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மகத நாட்டு ஏகநாலா என்ற ஊரில் காசி பாரத்வாசர் என்ற அந்தணர் ஐந்நூறு ஏர்களைப் பூட்டி விதைப்பு நடத்திக்கொண்டிருந்தார். பிச்சைக்காக வந்து நின்ற புத்தரிடம், "துறவியே, நான் உழுகிறேன், விதைக்கிறேன், அதன் பிறகு உண்கிறேன், நீரும் உழுது விதைத்து உண்ணலாமே" என்றார். இன்றும் துறவிகளை நோக்கி நம்மில் பலர் கேட்கும் கேள்விதான் இது. தானும் உழவர்தான் என்றும், நம்பிக்கையே விதை, தவமே மழை, அறிவே நுகமும் ஏரும் என்றும் புத்தர் பாடலால் விடை கூறினார். மனம் மகிழ்ந்த அந்தணர் பெரிய கிண்ணம் நிறையப் பாற்சோறு கொண்டுவந்து நீட்டினார். புத்தர் அதை ஏற்கவில்லை. பாடல் பாடியதற்காகக் கிடைக்கும் உணவு தமக்கு ஏற்றதன்று என்று மறுத்துவிட்டார். போதனைக்குக் கூலியாகச் சோறு வந்தால் அது பிச்சை ஆகாது, வாணிகமாகிவிடும் என்ற தெளிவு அங்கே இருந்தது.

கிடைத்ததை உண்பது எளிதன்று. புத்தருக்கே அது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. அரண்மனையைத் துறந்து வந்த அவர், இராசகிருகத் தெருக்களில் முதன்முதலாகப் பெற்ற கலவைச் சோற்றைப் பாண்டவ மலையின் நிழலில் அமர்ந்து உண்ண முற்பட்டபோது குடல் புரண்டு வருவது போலிருந்தது என்றும், தம்மைத் தாமே கண்டித்துக்கொண்டு உண்டு முடித்தார் என்றும் பாளி மரபு கூறுகிறது. பின்னர் ஞானம் பெற்றுக் கபிலவத்துக்குத் திரும்பியவர் அங்கும் வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். தம் குலத்தில் எவரும் பிச்சை எடுத்ததில்லையே என்று தந்தை சுத்தோதனர் வருந்த, அது உங்கள் அரச குலத்தின் வழக்கம், புத்தர்களின் குலத்துக்கு இதுவே வழக்கம் என்று அவர் விடையளித்தார். வேரஞ்சா என்ற ஊரில் பஞ்சம் வந்தபோது மழைக்கால மூன்று மாதமும் குதிரை வாணிகர்கள் தந்த வாற்கோதுமையே அவருக்கும் சீடர்களுக்கும் உணவாயிற்று. புத்தரின் முதன்மைச் சீடருள் ஒருவரான மகாகாசியபர் தம் பாடல் ஒன்றில் இதைவிடக் கடுமையான நிகழ்ச்சியைச் சொல்கிறார். தொழுநோயாளி ஒருவர் தம் உணவில் ஒரு கவளத்தை அவர் பாத்திரத்தில் இட்டபோது, அழுகிய விரல் ஒன்றும் முறிந்து அதில் விழுந்தது. காசியபர் ஒரு சுவரோரமாக அமர்ந்து அந்தக் கவளத்தை உண்டார். உண்ணும்போதும் உண்ட பின்னும் தமக்கு அருவருப்புத் தோன்றவில்லை என்கிறார். அந்த நோயாளிக்கும் கொடுக்கும் உரிமை உண்டு என்பதை அவர் மதித்தார்.

இனி, உண்ணும் முறைக்கு வருகிறேன். விடியலுக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரமே உணவுக்குரியது. காலையில் கஞ்சியும் முற்பகலில் முதன்மை உணவுமாக இரு வேளை உண்பவர்கள் உண்டு. நோன்பாக ஒரே அமர்வில், பாத்திரத்தில் கலந்ததை மட்டும் உண்பவர்களும் உண்டு. கஞ்சியின் பத்து நன்மைகளைப் புத்தர் எடுத்துச் சொன்னதாக விநயம் பதிவு செய்கிறது. பசியும் தாகமும் தீரும், செரிமானம் நன்றாகும் என்பவை அவற்றுள் சில. நண்பகல் எல்லை ஏன் வந்தது என்பதை உதாயி என்ற பிக்கு நன்றியோடு நினைவுகூர்கிறார். முன்பு இருட்டில் பிச்சைக்குச் சென்றவர்கள் சாக்கடையில் விழுந்தார்களாம், முள்ளில் மிதித்தார்களாம். ஓரிரவு மின்னல் வெளிச்சத்தில் அவரைக் கண்ட பெண்ணொருத்தி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், பேய் என்று அஞ்சி அலறினாளாம்.

உண்ணும்போது கன்னம் புடைக்கக் கவளத்தைத் திணிக்கக் கூடாது. வாயில் சோறு இருக்கப் பேசக் கூடாது. சப்புச்சப்பென்றும் சுருசுருவென்றும் ஒலி எழுப்பக் கூடாது. இன்னும் வேண்டும் என்ற ஆசையால், கிடைத்த கறியைச் சோற்றுக்கு அடியில் மறைக்கவும் கூடாது. விளையாட்டுக்காகவோ செருக்குக்காகவோ உடலழகுக்காகவோ அல்லாமல், இந்த உடலைக் காத்து அறவாழ்வுக்குத் துணைசெய்யவே உண்கிறேன் என்றும், பழைய துன்பமாகிய பசியைப் போக்குவேன், மிகையாக உண்டு புதிய துன்பத்தை வரவழைக்க மாட்டேன் என்றும் பிக்கு சிந்தித்த பின்பே உண்ண வேண்டும்.

புலால் பற்றி எப்போதும் கேள்வி எழும். தனக்காகவே கொல்லப்பட்டதைக் கண்டாலோ, கேட்டாலோ, ஐயுற்றாலோ அந்த இறைச்சியைப் பிக்கு ஏற்கக் கூடாது. யானை, குதிரை, நாய், பாம்பு, புலி முதலிய பத்து வகை இறைச்சி எந்நிலையிலும் விலக்கப்பட்டது. புலாலை முழுவதுமாகத் தடுக்க வேண்டும் என்று, புத்தரை எதிர்த்துப் பிரிந்த பிக்குவான தேவதத்தன் கேட்டபோது புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்தார். இதை நான் கொடுப்பவர் பக்கத்திலிருந்தே புரிந்துகொள்கிறேன்: உள்ளதைக் கொடுக்கும் மீனவர் வீட்டு வாசலைத் துறவி தாண்டிப் போக வேண்டியதில்லை. துறவிகள் மடத்திலேயே பயிரிட்டுச் சமைத்த சீனத்திலோ நிலைமை வேறு. அங்கே மரக்கறி உணவே மரபாயிற்று, ஒரு நாள் உழைக்காவிட்டால் அந்நாள் உண்பதில்லை என்ற சீனத் துறவி பைசாங்கின் கொள்கையும் போற்றப்பட்டது.

கொடுப்பவர் கையில் இருக்கும் ஆற்றல் சிறியதன்று. கோசாம்பியில் பிக்குகள் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டு, புத்தர் சொல்லியும் கேளாதபோது, ஊரார் அவர்களுக்கு வணக்கத்தையும் சோற்றையும் நிறுத்தினர். பின்னரே அவர்கள் இணங்கிவந்தனர். அதே ஆற்றலின் மறுபக்கம் துறவிகளிடம் உள்ளது. சங்கம் எனப்படும் துறவியர் கூட்டத்துக்குத் தீங்கு செய்யும் இல்லறத்தாரிடம் பிச்சை ஏற்காமல் பாத்திரத்தைக் கவிழ்க்கும் விதி விநயத்தில் உண்டு; பொய்ப் பழி சுமத்திய லிச்சவி குலத்தைச் சேர்ந்த வட்டன் என்பவன் மீது அது முதலில் பயன்பட்டது, அவன் மன்னிப்புக் கேட்டதும் விலக்கப்பட்டது. 2007 செப்டம்பரில் மியான்மரின் பிக்குகள் இராணுவ ஆட்சியாளர்களுக்கு எதிராக இவ்விதியையே கையாண்டு, பாத்திரங்களைக் கவிழ்த்துப் பிடித்தபடி தெருவில் நடந்தனர். கொடுத்துப் புண்ணியம் தேடும் வாய்ப்பையே ஆட்சியாளர்களுக்கு மறுத்த அந்தச் செயலை, அந்நாட்டு மக்கள் விளக்கமின்றியே புரிந்துகொண்டார்கள்.

இலங்கையில் தெருவில் பிச்சைக்குச் செல்வது பெரும்பாலும் அருகி, குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டு விகாரைக்கே தானம் கொண்டுவரும் வழக்கம் வேரூன்றியுள்ளது. அதற்கும் பழைய வேர் உண்டு: அனுராதபுரத்தில் அரசன் ஐயாயிரம் ஆறாயிரம் துறவிகளுக்கு உணவு சமைத்து வழங்கியதைச் சீனத் துறவி பாகியான் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்நகரின் அபயகிரி விகாரையின் உணவுச் சாலையில் அன்று சோறு நிரப்பி வைத்த நீண்ட கல் தொட்டி இன்றும் கிடக்கிறது.

நம் காலத்தின் கவலை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நண்பகலுக்குப் பின் பிக்கு திட உணவு உண்ணலாகாது. ஆனால் மா, நாவல், வாழை, திராட்சை முதலியவற்றின் வடிகட்டிய சாறு அருந்தலாம். தாய்லாந்தில் அந்த இடத்தைச் சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்கள் பிடித்துக்கொண்டன; பாத்திரத்தில் விழுவதும் வீட்டுச் சமையலாக இல்லாமல், கடையில் வாங்கிய எண்ணெயும் இனிப்பும் மிகுந்த உணவாக மாறிவருகிறது. சூலாலங்கோர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிக்குகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் உடற்பருமன் உடையவர்கள் என்று கண்டறிந்தனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மடங்களில் பெருகியதால், 2017இல் துறவிகளுக்கான தேசிய நலச் சாசனம் ஒன்று அங்கே வெளியிடப்பட்டது. துறவியிடம் மட்டும் பேசி இதைத் தீர்க்க முடியாது. நோயில்லாத பிக்கு நெய்யோ பாலோ மீனோ தமக்கென்று கேட்டு வாங்கக் கூடாது என்பது விதி. அவர் எதையும் கேட்டுப் பெறுபவர் அல்லர். ஆகவே அந்தப் பொறுப்பு விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவரிடமே வந்து நிற்கிறது. அமுதசுரபியிலும் முதற் பிச்சையை ஆதிரை என்ற இல்லறத்தாள் இட்ட பிறகே அது பிறர் பசி தீர்க்கத் தொடங்கியது என்பதை இந்த அவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.