ஒரு கைப்பிடி ஏலக்காய்

(புள்ளியியல் நாளன்று கம்பம் பள்ளத்தாக்கில் கணித ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

பெரியவர்களுக்கும், ஆசிரிய நண்பர்களுக்கும், முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இன்று ஜூன் 29. மகலனோபிஸ் பிறந்த நாள். 1893இல் பிறந்தவர், 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் மேசை மேல் இருக்கிற இந்தத் தட்டைப் பாருங்கள். ஒரு கைப்பிடி ஏலக்காய். மலைக்கு வேலைக்குப் போகிற அம்மாவோ அத்தையோ இல்லாத வீடு இங்கே குறைவு. அதனால் இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது ஒன்றும் இல்லை.

தட்டில் எத்தனை காய் என்று காலையில் எண்ணினேன். நாற்பத்து மூன்று. எண்ணுகிறபோது நாற்பத்து மூன்றுக்கு அடுத்தது நாற்பத்து நாலுதான், நடுவில் ஒன்றும் வராது. சரி, எடை எவ்வளவு? மளிகைக்கடைத் தராசு ஒன்று சொல்லும், நகைக்கடைத் தராசு இன்னும் இரண்டு தசமம் கூட்டிச் சொல்லும். தராசு நுட்பமாக ஆக ஆக எண் நீண்டுகொண்டே போகும். நிறம் என்ன? சிலது நல்ல பச்சை, சிலது வெளிர் பச்சை, இரண்டு மூன்று வெளுத்துவிட்டது. நிறத்தைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது. எந்த நிறத்தில் எத்தனை காய் என்று எண்ணத்தான் முடியும்.

இப்போது சல்லடைக்கு வாருங்கள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய் முதல் தரம், கீழே விழுந்து 7இல் நிற்பது அடுத்த தரம் என்று வைத்துக்கொள்வோம். காயின் குறுக்களவு தொடர் மாறி, அதாவது எடையைப் போல நடுவில் எந்த எண்ணும் வரலாம். சல்லடையில் போட்ட கணத்தில் அது தர வரிசை ஆகிவிடுகிறது. 8.1 மில்லிமீட்டர் காயும் 9 மில்லிமீட்டர் காயும் ஒரே சாக்கில் விழுந்தாயிற்று. சாக்கின் மேல் எழுதிய தரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற காய்களின் சராசரிக் குறுக்களவை யாராலும் சொல்ல முடியாது.

ஒரே காய் நமக்கு நாலு வகைத் தரவு தந்திருக்கிறது. நாம் கேட்ட கேள்விதான் வகையை முடிவு செய்தது. ஆசிரிய நண்பர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். பண்புசார், அளவுசார், தனித்த, தொடர்ச்சியான என்று கரும்பலகையில் கட்டம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். தட்டைக் கையில் கொடுங்கள். கேள்வி கேட்க விடுங்கள். பெயர் பின்னால் வரட்டும். கட்டத்தை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடும், ஆனால் 'உங்கள் வருமானம் 5,000க்குக் கீழா, மேலா' என்று கேட்டு ஊர் முழுக்கப் படிவம் நிரப்பிக்கொண்டு வந்து, கடைசியில் சராசரி வருமானம் என்ன என்று தேடிக்கொண்டிருக்கும். கேட்கும்போது விட்டதைக் கணக்குப் போட்டு மீட்க வழி கிடையாது.

வேறொருவர் சேகரித்ததை எடுத்துக்கொள்கிற இரண்டாம் நிலைத் தரவுக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். முல்லைப் பெரியாறு நீர்மட்டம் இன்றைக்கு எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி என்று காலையில் பேப்பரை விரித்துப் பார்க்காத விவசாயி இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? பேப்பரில் வந்த அந்த எண் நமக்கு இரண்டாம் நிலைத் தரவு. அணையில் நின்று அளவுகோலைப் படித்தவருக்கு அதுவே முதல்நிலைத் தரவு. போடியிலும் புற்றடியிலும் நடக்கிற ஏலக்காய் ஏலத்தின் சராசரி விலையும் அதிகபட்ச விலையும் அப்படித்தான். டீக்கடையில் பேசுவது எப்போதும் அதிகபட்சத்தைப் பற்றியே இருக்கும். விளைவித்த சம்சாரி கையில் வந்தது எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சேகரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தெருத்தெருவாக அனுப்பினேன். வீட்டில் இருப்பவரிடம், தோட்ட வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டு எழுதச் சொன்னேன். திரும்பி வந்த நோட்டுகளில் பெரும்பாலும் 'இல்லை' என்றே இருந்தது. ஏலத்தோட்டத்தை நம்பியிருக்கிற தெருவில் இது எப்படி? ஒரு மாணவிதான் சொன்னாள்: "சார், போறவங்க யாரும் வீட்டுலயே இல்லையே. பாட்டிங்கதான் இருந்தாங்க." வேலைக்குப் போனவர்கள் அந்த நேரத்தில் குமுளிக்கு மேலே காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு என்னுடையது. யாரைக் கேட்பது என்று யோசித்தேன், எந்த நேரத்தில் கேட்பது என்று யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் விடிவதற்கு முன்பே, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனோம். தூக்குவாளியும் பிளாஸ்டிக் காகிதமும் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு பையன், "அத்தை, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டான். "என்னத்த கண்டேன், ஒரு அம்பது போட்டுக்கோ." அடுத்தவரும் ஐம்பது. அதற்கடுத்தவர் நாற்பத்தைந்து. வகுப்புக்கு வந்து ஒருவருக்கு ஒரு கோடு என்று நேர்க்கோட்டுக் குறி போட்டபோது 40, 45, 50 என்ற இடங்களில் கோடு குவிந்து கிடந்தது. 47, 48, 52 எல்லாம் வெறுமை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வயது இப்படி 0, 5 என்று முடிகிற எண்களில் குவியும். வயது தொடர் மாறி என்று புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு, வாயிலிருந்து வருகிற வயது படிக்கட்டு மாதிரி இருக்கும் என்று அன்று தெரிந்தது. பிறகு கேள்வியை மாற்றினோம். "எம்.ஜி.ஆர். செத்தப்ப நீங்க எத்தனாவது படிச்சீங்க, இல்ல கல்யாணம் ஆயிருச்சா?" 1987ஐ வைத்துக்கொண்டு எண்ணினால் ஐம்பது என்றவர் ஐம்பத்து மூன்று ஆனார்.

நம்மைப் போல எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தூங்குவது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்து இடுக்கியில். இந்தப் பெண்களை எந்தக் கணக்கில் எழுதுவது? இது புதிய கேள்வி கிடையாது. மாநில எல்லைகளைத் திருத்தி அமைக்கப் பரிந்துரைத்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தபோது தாய்மொழி எண்ணிக்கையை முன்னால் வைத்துத்தான் வாதம் நடந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. இன்று இடுக்கி மாவட்டத்தில் இருக்கிற தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே தமிழர் தொகையைப் பற்றிப் பேசியபோதெல்லாம், அவர்கள் குடியிருப்பவர்களா, வேலைக்காக வந்து போகிறவர்களா என்ற கேள்வி குறுக்கே வந்தது. படிவத்தில் 'குடியிருப்பவர்' என்று ஒரே ஒரு சொல்தான். அதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதில் எத்தனை பேரின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

தாய்மொழி என்ற சொல்லையும் எளிதாக விட்டுவிடாதீர்கள். குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி என்பது கணக்கெடுப்பின் வரையறை. நம் வகுப்புகளில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிப் படிவத்தில் யோசிக்காமல் தமிழ் என்று எழுதிவிடுவார்கள். கேள்வியை விளக்கிவிட்டுக் கேட்டால் பதில் மாறும்.

மகலனோபிஸிடம் வருகிறேன். ஒவ்வொரு வயலையும் அளக்காமல், சில இடங்களை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து ஒரு நாட்டின் விளைச்சலை மதிப்பிடலாம் என்று செய்து காட்டியவர் அவர். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அவர் முயற்சிதான். அப்படி மாதிரிக்காக வயலில் சின்ன வட்டம் போட்டு, உள்ளே இருப்பதை அறுத்து எடை போடுகிறபோது விளைச்சல் கூடுதலாகத் தெரிந்தது. காரணம், வட்டக் கோட்டின் மேல் நிற்கிற பயிர். அறுக்கிறவர் கை அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். வட்டம் சிறிதாக ஆக, உள்ளே இருக்கும் பரப்போடு ஒப்பிட்டால் கோட்டின் நீளம் அதிகம், அதனால் பிழையும் அதிகம். யாரும் ஏமாற்றவில்லை. கோட்டில் நிற்பதை என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால் வந்த பிழை அது.

பிள்ளைகளே, வருகிற சனிக்கிழமை மறுபடி ஜீப் நிற்கிற இடத்துக்குப் போகிறோம். அதிகாலை நாலரை மணி. பெற்றோர் ஒருவர் கூட வரட்டும். மூன்றே கேள்விகள்: போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், என்ன வேலை. யார் பெயரும் எழுத வேண்டாம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஆனால் அதற்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஜீப் கிளம்பிவிட்டால் ஓடிப் போய்க் கேட்காதீர்கள், ஏறாமல் நின்றுவிட்டவர்களிடம் போங்கள். அன்றைக்கு வேலை கிடைக்காதவர்கள் அவர்கள்தான். நான் எழுதிய முதல் நோட்டில் அவர்கள் ஒருவர்கூட இல்லை.