அடியில் கரையும் ஊர்: சீவித்தா

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், வித்தேர்போ மாகாணத்தில், சீவித்தா என்றொரு குன்றூர் இருக்கிறது. பக்கத்து ஊரான பாஞோரேஜோவின் பெயரையும் சேர்த்து 'சீவித்தா தி பாஞோரேஜோ' என்பார்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். பார்க்க வருகிறவர்களோ லட்சக்கணக்கில்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள அதன் தெருக்களை விட்டுவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் குன்றின் பக்கவாட்டை முதலில் பாருங்கள். மேலே பழுப்பும் மஞ்சளுமாகச் செங்குத்தாக நிற்பது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சரிந்து கிடப்பது களிமண். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த மண் அது. மேலே கெட்டி, கீழே மென்மை. ஊரின் துயரம் முழுவதும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

குன்றின் இருபுறமும் இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. ஒன்றின் பெயர் ரியோ கியாரோ, தெளிந்த ஓடை. மற்றது ரியோ தோர்பிதோ, கலங்கல் ஓடை. மழை பெய்தால் களிமண் ஊறி உப்புகிறது, வெயிலில் வெடிக்கிறது, அடுத்த மழையில் கரைந்து ஓடைக்குப் போகிறது. அடி அரிக்கப்பட்டதும் விளிம்பில் நிற்கும் பாறைக்குத் தாங்கல் இல்லை. நெட்டுக்குத்தாக விரிசல் விடுகிறது. அதில் நீர் இறங்குகிறது. ஒரு நாள் பெரிய பாளமாகப் பிளந்து, மேலிருக்கும் வீட்டோடு சேர்ந்து விழுகிறது. எவ்வளவு உறுதியாகச் சுவர் எழுப்பினாலும் இதைத் தடுக்க முடியாது. பழுது சுவரில் இல்லை, அதற்கும் வெகு கீழே இருக்கிறது.

ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் எத்ருஸ்கர்கள் இங்கே குடியேறினார்கள். ரோமர்கள் ஓங்குவதற்கு முன் நடு இத்தாலியில் செழித்திருந்த மக்கள் இவர்கள். எதிரி எளிதில் ஏற முடியாத இடம், குடைவதற்கு வசதியான பாறை. அவர்கள் குடைந்த சுரங்கவழியும் நிலவறைகளும் இன்றும் இருக்கின்றன. பிற்காலத்தில் அந்த அறைகள் திராட்சை மதுவுக்கும் ஒலிவ எண்ணெய் செக்குக்கும் பயன்பட்டன. 1695 ஜூன் மாத நிலநடுக்கம்தான் ஊரின் முதுகை முறித்தது. நான்கே ஆண்டுகளில், 1699இல், ஆயரின், அதாவது கத்தோலிக்க பிஷப்பின், இருக்கை பாஞோரேஜோவுக்குப் போனது. குடும்பங்களும் பின்தொடர்ந்தன.

ஊருக்குள் போக ஒரே வழி நடைபாலம். 300 மீட்டர் நீளம், 1965இல் கட்டியது. முதலில் சமமாகத் தெரியும் பாலம் கடைசிப் பகுதியில் செங்குத்தாக ஏறுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே நின்று நின்று ஏறுவது நல்லது. நிழலே கிடையாது. கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். ரயிலில் வருவோர் பக்கத்து நகரமான ஓர்வியேத்தோவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பிப் பயணம் வகுக்காதீர்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பாலத்துக்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் நடை. 2013இல் நுழைவுக் கட்டணம் வந்தது. அப்போது ஒன்றரை யூரோ, பிறகு 5 யூரோ ஆனது. இவ்வளவு சின்ன ஊரைக் காக்க இது நியாயமான தொகை என்றே நான் சொல்வேன்.

பாலம் முடிவது சாந்தா மரியா வாசலில். மேலே இரண்டு கற்சிங்கங்கள் மனிதத் தலைகளைக் கால்களால் பற்றியிருக்கும். ஓர்வியேத்தோவின் மொனால்தேஸ்கி குடும்பத்தின் ஆதிக்கத்தை ஊரார் எதிர்த்து வென்றதன் அடையாளம் அது. வாசலைத் தாண்டியதும் ஓர் அரண்மனையின் முகப்புச் சுவர் நிற்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் அறை இல்லை, ஆகாயம்தான். பின்பக்கம் முழுவதும் பள்ளத்தாக்கில் போய்விட்டது. புனித பொனவெந்தூர் பிறந்தது இந்த ஊரில்தான். 1257இல் பிரான்சிஸ்கன் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையின் தலைவரான அந்த இறையியலாளர் சிறுவனாக வாழ்ந்த வீடும் அப்படியே சரிந்தது. விளிம்பில் கொஞ்சம்தான் மிச்சம்.

சதுக்கத்தில் சான் தொனாத்தோ கோயில். உள்ளே 15ஆம் நூற்றாண்டின் மரச் சிலுவையில் இயேசுவின் உருவம் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று அதைத் தூக்கிக்கொண்டு பாலம் கடந்து பாஞோரேஜோ வரை பவனி போகிறார்கள். நள்ளிரவுக்குள் திரும்பாவிட்டால் சிலுவை பாஞோரேஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது ஊர் வழக்கு. ஜூனிலும் செப்டம்பரிலும் இதே சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்கிறது.

சாப்பாட்டுக் கடைக்குப் போவதற்கு முன் ஊரிலுள்ள நிலச்சரிவு அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். பாறைக்குள் எஃகுக் கம்பிகளைச் செருகி இறுக்குவதையும், விரிசல்களின் அசைவை அளக்கும் விதத்தையும் அங்கே விளக்குகிறார்கள். கம்பி விளிம்புப் பாறையைப் பிடித்து நிறுத்தும். கீழே ஓடை அரிப்பதை அது நிறுத்தாது. அதற்குப் பள்ளத்தாக்கில் வேறு வேலை வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்று குன்றின் அடியை இன்னொரு முறை பாருங்கள். களிமண்ணில் புதிதாகக் கிழிந்த தடங்கள் வெளிர் நிறத்தில் தெரியும்.