மீன் ஒத்துக்கொள்ளவில்லையா? மணிக்கூட்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

"டொக்டர், எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது." மட்டக்களப்பில் கிளினிக் நடத்துகிற எவரும் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. என்ன மீன் என்று கேட்டால், "எல்லா மீனும்தான்" என்பார்கள். மெல்ல விசாரித்தால், என்றோ ஒருநாள் சூரைக் கறி சாப்பிட்டு முகம் கழுத்தெல்லாம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்திருக்கும். அன்றோடு மீனுக்கு முழுக்கு. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் கிடக்கிற ஊரில் மீனில்லாமல் சோறு தின்பது லேசுப்பட்ட தண்டனையா?

அது ஒவ்வாமையாக இல்லாமலே இருக்கலாம். சூரை, கும்பளா, சாளை மாதிரியான மீன்களை ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடக்கவிட்டால், பக்டீரியாக்கள் அந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். ஒவ்வாமை வரும்போது நமது உடம்பு வெளிவிடுவதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால் இரண்டுக்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்று. அவித்தாலும் பொரித்தாலும் இது போகாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கும். சிலருக்கு மட்டும் நாக்கில் மிளகுக் காரம் போல ஒன்று தட்டுப்படும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அதே சட்டியில் சாப்பிட்ட வேறு யாருக்கும் அன்றைக்கு இப்படி வந்ததா? அதற்கு முன்பு அதே மீனைப் பலமுறை பிரச்சினையில்லாமல் சாப்பிட்டவரா? இரண்டுக்கும் ஆம் என்றால் குற்றம் மீன் வந்த பெட்டியில் இருக்கலாம். இதை டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். திரும்பச் சாப்பிட்டுப் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

உண்மையான ஒவ்வாமையைப் பிடிக்க முதல் தடயம் நேரம். பொதுவாகச் சில நிமிடத்தில் தொடங்கும், பிந்தினால் இரண்டு மணித்தியாலம். காணாக்கடி போலத் தடித்து எழும்பும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாந்தி வரும், இழுப்பு வரும். கொஞ்சம் தின்றாலும் வரலாம். இறாலை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வாமையைக் கிளப்புகிற முக்கியமான புரதம் சூட்டுக்கு அழிவதில்லை. நண்டிலும் ஏறக்குறைய அதே புரதம் உண்டு. அதனால் இறால் ஆகாதவருக்கு நண்டும் ஆகாமல் போவது வழமை. மீனின் புரதம் வேறு. இறால் ஆகாது என்பதற்காக மீனையும் விடத் தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் "நான் இறாலே தொடவில்லை" என்று சொல்பவரின் தட்டைப் பார்த்தால், சம்பலில் இடித்துப் போட்ட கூனி இறால் இருக்கும்! பெருநாளைக்கு வட்டிலப்பத்தில் கஜு, பஸ் ஸ்டாண்டில் கச்சான் என்று, நாம் கணக்கில் எடுக்காத சாப்பாடு நிறைய.

அதற்குத்தான் ஒரு கொப்பி வைக்கச் சொல்கிறேன். பிள்ளையின் பழைய பாடக் கொப்பியில் மிஞ்சிய தாள் போதும். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ன வந்தது, எப்போது அடங்கியது, இடையில் என்ன மருந்து. கூடவே, சாப்பிட்ட பிறகு ஓடியாடினாரா என்றும் எழுதுங்கள். "இறால் தின்றான், ஒன்றுமில்லை, மறுகா விளையாடப் போன இடத்தில்தான் தடித்தது" என்று ஒரு தாய் சொன்னால், அந்த விளையாட்டும் எங்களுக்குத் துப்புத்தான். சிலருக்குச் சாப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் ஒவ்வாமை கிளம்பும். தடிப்பைப் போனில் படமெடுத்து வையுங்கள். கிளினிக்குக்கு வருகிற நேரம் அது மறைந்துவிடும். பக்கெற் சாப்பாடு என்றால் உறையையும் கொண்டு வாருங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பால்மாத் தேத்தண்ணி குடித்தால் வயிறு ஊதுகிறது, இரைகிறது, கழிகிறது. தடிப்போ வீக்கமோ இல்லை. பாலிலுள்ள சீனியான லக்டோஸைச் செரிக்கிற நொதியம் குறைந்தவர்கள் இவர்கள். இவர்களில் பலருக்கு நமது எருமைத் தயிர் ஒத்துப்போகும், ஏனென்றால் உறையும்போதே லக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. பால் ஒவ்வாமைக்காரருக்கோ தயிரும் ஆபத்து. ஆக, வயிறு மட்டும் குழம்புகிற வளர்ந்தவர் இரண்டு கிழமை பாலை விட்டு, பிறகு கொஞ்சமாகத் தொடங்கிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு சாப்பாடு மட்டும். பாலும் கோதுமை மாவும் முட்டையும் சேர்த்து நிறுத்தினால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது. பிள்ளைகளுக்கு இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம், வளர்ச்சி பாதிக்கும். "கிரந்தி" என்று அம்மம்மா சொன்னதெல்லாம் நிறுத்தி, முட்டையும் மீனும் கத்தரிக்காயும் இல்லாமல் மெலிந்த பிள்ளைகளைப் பார்க்கையில் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒவ்வாதவை என்று நீண்ட பட்டியல் தருகிற ஐஜிஜி இரத்தப் பரிசோதனைக்குக் காசு கொட்டாதீர்கள். அது பெரும்பாலும் நீங்கள் வழமையாக எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் காட்டும்.

இனி அவசர நேரம். மூச்சு இழுக்கிறது, குரல் அடைக்கிறது, நாக்கு வீங்குகிறது, தலை சுற்றி விழப்போகிறார் என்றால் கொப்பியை மூடிவிட்டு 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த நேரத்தில் வேலை செய்கிற மருந்து தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி. பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை கடியைக் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து இருத்துங்கள். எழுப்பி நடக்க வைப்பதும், மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு ஓடுவதும் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். சுகமானதும் வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள். சில மணித்தியாலம் கழித்து அது திரும்பவும் வரலாம், அதனால்தான் வார்ட்டில் மறித்து வைக்கிறார்கள்.

தோலில் குத்திப் பார்க்கிற ஒவ்வாமைப் பரிசோதனைக்குத் திகதி கிடைத்தால், என்னென்ன குளிசை பாவிக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிரிட்டன் மாதிரியானவற்றைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் முடிவு பிழைத்துவிடும். நன்றி, வணக்கம்.