தலைமாட்டில் ஒரு நாற்காலி

(எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுதித் தரச் சொன்னார்கள்.)

எல்லோருக்கும் வணக்கம்.

நான் மனநல மருத்துவர் இல்லை. முப்பது வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருத்துவர். மனச்சோர்வுக்கு வந்திருக்கும் ஒரு சிகிச்சையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த மருந்து எங்கள் அலமாரியிலிருந்து போனது. பெயர் கெட்டமைன்.

அதை நான் முதலில் பார்த்தது தீக்காய வார்டில். அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், இரண்டு கைகளும் மார்பும் வெந்து போயிருந்தன. டிரெசிங் வண்டியின் சக்கரச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே அழ ஆரம்பித்துவிடுவார். புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிரித்தெடுப்பது எப்படிப்பட்ட வலி என்பதை நான் சொல்லி உங்களுக்குப் புரியாது. நரம்பில் கெட்டமைன் ஏற்றினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அழுகை நின்றது. ஆனால் கண் மூடவில்லை. விழி இரண்டும் பக்கவாட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. மூச்சு சீராக வந்தது. மருந்து பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். மூத்த சிஸ்டர் துணியை உரித்தார். அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அரை மணி கழித்து மெல்லப் பேசினார்: “நான் மேல ஃபேனுக்குப் பக்கத்துல இருந்தேன். கீழ யாருக்கோ கட்டு போட்டுட்டு இருந்தீங்க.”

உடம்பும் உணர்வும் கொஞ்ச நேரம் பிரிந்து நிற்கும் இந்த நிலைதான் இந்த மருந்தின் தனிக் குணம். தூங்க வைக்காது, விலக்கி வைக்கும்.

1962-இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் டெட்ராய்ட்டில் இருந்த பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக இதை உருவாக்கினார். அதற்கு முன் அதே நிறுவனத்தில் பிறந்த மருந்து வலியைப் போக்கியது, ஆனால் ஆட்களை மணிக்கணக்கில் பிதற்ற வைத்தது. அதைவிடச் சாதுவான ஒன்றைத் தேடியபோது கிடைத்தது இது. 1964 ஆகஸ்ட் 3 அன்று எட்வர்ட் டோமினோ, குந்தர் கார்சன் என்ற இரு மருத்துவர்கள் மனிதருக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு? மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் சிறையில் இருந்த கைதிகளுக்கு. அவர்கள் சம்மதித்தார்கள் என்று பதிவு சொல்கிறது. சிறையில் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. நாங்கள் தினமும் கையில் எடுக்கும் புட்டியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

1970-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயப்பட்டவர்களுக்குப் போட்டார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சரியான அளவில் கொடுத்தால் மூச்சை நிறுத்தாது, பிபியையும் இறக்காது. பெரிய இயந்திரங்கள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகள் இதை நம்பி எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன.

சரி, மனச்சோர்வுக்கு வருகிறேன். அதற்கு முன் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

1999-இல் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தார். அம்மா காலையில் தலைமாட்டில் வைத்த காபி மதியம்வரை அப்படியே இருக்கும், மேலே ஆடை கட்டி. அதை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி மறுபடி காபி வைப்பார் அம்மா. மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். மாத்திரை பிடிக்க நான்கு வாரம், சில பேருக்கு ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் படித்த நான் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கேட்டார்: “நாலு வாரம் இவ தாங்குவாளா?” என்னிடம் பதில் இல்லை. முதல் மாத்திரை கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. எட்டாவது மாதம், மூன்றாவது மாத்திரையில்தான் அக்கா எழுந்து வாசலுக்கு வந்தார்.

அம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கலாம் என்று தெரிந்தது அதற்கு அடுத்த வருடம். 2000-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், மயக்கத்துக்கு நாங்கள் கொடுக்கும் கெட்டமைனில் கால் பங்கோ சற்றுக் கூடவோ எடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நாற்பது நிமிஷம் டிரிப்ஸில் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். முழுதாகப் பங்கெடுத்தவர்கள் 7 பேர்தான். ஆனால் மூன்று நாளுக்குள் அவர்கள் மனபாரம் இறங்கியது. வாரக்கணக்கு நாள்கணக்கானது. யாருக்கும் சட்டென்று நம்பிக்கை வரவில்லை. 2006-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டே குழு பல மாத்திரைகள் கேட்காத நோயாளிகள் 17 பேருக்குக் கெட்டமைன் கொடுத்தது. அடுத்த நாளே 12 பேரிடம் தெளிவான முன்னேற்றம். ஒரு வாரம்வரை அது நிலைத்தது 6 பேரிடம்.

இந்த இரண்டாவது எண்ணைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். விளம்பரங்கள் 12-ஐச் சொல்லும், 6-ஐச் சொல்லாது.

எப்படி வேலை செய்கிறது? மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனம் செய்தி கடத்துகிறது. அதை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியைக் கெட்டமைன் அடைக்கிறது. 2010-இல் யேலில் ரொனால்ட் டூமன் குழு எலிகளில் பார்த்தது இது: ஒரு வேளை மருந்துக்குப் பின் ஒரே நாளில் நரம்புக் கிளைகளில் புதுத் துளிர்கள் விட்டிருந்தன. நீண்ட மன அழுத்தத்தில் உதிர்ந்து போகும் இணைப்புகள் அவை. மனிதர்களிலும் இதுதான் முழுக் கதை என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து உடம்பை விட்டு இறங்கியபின்னும் பலன் சில நாள் நீடிப்பதற்கு இது நல்ல விளக்கம்.

2019 மார்ச்சில், கெட்டமைனின் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் என்ற மூக்கு ஸ்பிரேக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியின் நிபந்தனைகளைப் படித்தபோது எங்கள் வேலையை நன்றாகத் தெரிந்த யாரோ எழுதியதுபோல இருந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. மருத்துவமனையில், கண்முன்னே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், பிபி பார்க்க வேண்டும். மறுநாள்வரை வண்டி ஓட்டக் கூடாது.

பதற்றத்துக்கும் இது கேட்குமா என்று பலர் கேட்கிறார்கள். நியூசிலாந்திலும் யேலிலும் நடந்த சிறு ஆய்வுகள் கேட்கலாம் என்று காட்டின. ஒன்றில் 12 பேர், இன்னொன்றில் 18 பேர். அவ்வளவுதான் என்பதால் அவ்வளவே சொல்கிறேன்.

2023-இல் வந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒன்றில், மாத்திரைகள் கேட்காதவர்களில் ஒரு பாதிக்கு மின் அதிர்ச்சிச் சிகிச்சையும் மறுபாதிக்குக் கெட்டமைனும் கொடுத்தார்கள். கெட்டமைனில் நூற்றுக்கு 55 பேரும் மின் சிகிச்சையில் 41 பேரும் தேறினார்கள். மாயக் குரல் கேட்பதுபோன்ற தீவிர அறிகுறி உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இன்னொன்று ஸ்டான்ஃபோர்டில். கெட்டமைன் ஏறினால் உடம்பே சொல்லிவிடும் என்பதால், எது மருந்து எது வெறும் நீர் என்று நோயாளிக்குத் தெரியாமல் சோதிப்பது கடினம். அதனால் வேறு அறுவைக்கு வந்த மனச்சோர்வாளர்கள் 40 பேருக்கு, முழு மயக்கத்தில் இருக்கும்போது, பாதிப் பேருக்குக் கெட்டமைனும் பாதிப் பேருக்கு உப்புநீரும் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியது.

அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியென்றால் மருந்தே பொய்யா? இல்லை. மயக்க மருந்துகளே கெட்டமைனின் வேலையை மறைத்திருக்கலாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அந்த உப்புநீர்க்காரர்களுக்கும் பல நாள் யாரோ ஒருவர் உட்கார்ந்து கதை கேட்டார், நன்றாகிவிடும் என்ற எண்ணம் கொடுத்தார். தியேட்டரில் இது எங்களுக்குப் பழக்கம். கெட்டமைன் ஏறும்போது காதருகில் குனிந்து நிதானமாகப் பேசுவோம், விளக்கைக் குறைப்போம், எழும் நேரத்தில் பாத்திரச் சத்தம் கேட்கக் கூடாது என்போம். கூச்சலில் எழுந்தவர் பயந்து அலறுவதையும், அமைதியில் எழுந்தவர் புன்னகைப்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே மருந்து, ஒரே அளவு.

அதனால்தான் கோவிட் காலத்துக்குப் பிறகு அமெரிக்காவில் நடந்தது எனக்குக் கோபம் தருகிறது. வீடியோவில் பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கெட்டமைன் மாத்திரையைத் தபாலில் அனுப்பினார்கள். 2023 அக்டோபரில் மருந்து நிர்வாகம் இப்படித் தயாரித்து விற்பவற்றின் ஆபத்தை எச்சரித்தது. அதே மாதம் 28-ஆம் தேதி நடிகர் மேத்யூ பெர்ரி இறந்தார்; உடலில் கெட்டமைன் மிக அதிகம். முறையாக மருத்துவரிடம் எடுத்த சிகிச்சையால் வந்ததல்ல அது, அதை எடுத்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. தலைமாட்டில் மருத்துவர் யாரும் இல்லாமல் எடுத்தது. அடிக்கடி, அதிகமாக எடுப்பவர்களின் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்குவதை 2007-இலேயே ஹாங்காங் மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். பழக்கமாகவும் மாறும்.

நம் நாட்டில் 2011-இல் இது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது, 2013-இல் மருந்துக் கடைக் கட்டுப்பாடும் இறுகியது. சில பெரிய மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இதைச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரம் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அடுத்த வாரம் பலன் இறங்கினால் என்ன திட்டம்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் படுக்காதீர்கள். இன்றிரவே தாங்க முடியாத நிலையில் யாரேனும் இருந்தால் 14416-க்குப் பேசுங்கள், டெலிமானஸ், எந்நேரமும் தமிழில் எடுப்பார்கள்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: “அப்போ இந்த மருந்து இருந்திருந்தா எனக்குப் போட்டிருப்பியா தம்பி?”

“போடச் சொல்லியிருப்பேன்க்கா. நான் போட மாட்டேன், வேற டாக்டர் போடுவார். நான் தலைமாட்டுல உட்கார்ந்திருப்பேன்.”

“அம்மாவையும் உட்கார வச்சிருக்கணும்” என்றார்.